பாவை நோன்பும் மணாளன் என்னும் சொல்லும்

மார்கழி தோறும் நிகழும் திருப்பாவை உபந்யாசங்களில் ஒரு கருத்து மீண்டும் மீண்டும் கூறப்படுகிறது. கன்னியர் நல்ல கணவனைப் பெறுதற்கு நோற்ற நோன்பே பாவை நோன்பு என்றும், அதற்கு மூலம் ஸ்ரீபாகவதம் கூறும் காத்யாயனீ விரதம் என்றும், ஆகவே திருப்பாவையின் பயன் விவாகமே என்றும் அக்கருத்து அமைகிறது. கேட்போர் உள்ளத்திற்கு இது எளிதில் இசையும். ஆயினும் மூலத்திற்கும் பூர்வாசார்யர்களின் வ்யாக்யானங்களுக்கும் இஃது எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத் தக்கது.

ஸ்ரீபாகவதம் தசம ஸ்கந்தத்தின் 22ஆம் அத்தியாயத்தில், ஹேமந்த ருதுவின் முதல் மாதத்தில் ஆய்க்குலத்துக் கன்னியர் ஹவிஷ்யம் உண்டு, யமுனைக் கரையில் மணலால் தேவியின் உருவம் சமைத்து, நந்தகோபன் குமரனே தமக்குப் பதியாக வேண்டும் என்று வேண்டுகின்றனர். மாதம், நீராட்டம், உணவு நியமம், ஆய்ப்பாடி ஆகியவற்றால் திருப்பாவை அதனை ஒத்திருப்பது உண்மை. வேண்டுதலிலோ ஒப்புமை இல்லை. பாவை என்னும் சொல் நோன்பைக் குறித்து இரண்டாம், மூன்றாம் பாசுரங்களில் வருகிறது. அப்பாவையிடம் கணவனை இரக்கும் பாசுரம் முப்பதில் ஒன்றேனும் இல்லை. மூன்றாம் பாசுரம் கூறும் பயன் நாட்டிற்கு மழையும் நெல்லும் பால்வளமும் ஆகும்.

மணாளன் என்னும் சொல் பத்தொன்பதாம், இருபதாம் பாசுரங்களில் வருகிறது. இரண்டிடத்தும் அது நப்பின்னைப் பிராட்டியை நோக்கி, அவளுடைய கேள்வனைக் குறித்தே சொல்லப்பட்டது. இங்கு ஓர் ஆக்ஷேபம் எழக்கூடும்: இருபதாம் பாசுரத்தில் விசிறியையும் கண்ணாடியையும் வேண்டுபவர்கள் மணாளனையும் சேர்த்தே வேண்டுகிறார்களே, அது கணவனை வேண்டியது ஆகாதோ? ஆகாது. தருபவள் பிராட்டி, தரப்படுபவன் அப்போதும் அவளுடையவன். அவளை முன்னிட்டன்றி அவனைப் பற்றுவதில்லை என்னும் புருஷகார நெறியே அங்குப் பேசப்படுகிறது. ஆகவே திருப்பாவை போற்றும் தாம்பத்தியம் கன்னியர்க்கு இனி வாய்க்கப்போவதன்று; என்றும் உள்ளதான மிதுனத்தின் சேர்த்தியே அது.

மூவாயிரப்படியும் ஆறாயிரப்படியும் நோன்பை வ்யாஜம் என்று கொள்வதன் உட்கருத்து இதுவே. மழையின்மையால் நோன்புக்கு இசைந்த ஊர் முதியோரின் அனுமதி, பெண்களுக்குக் கண்ணனைக் கிட்டும் வழியாயிற்று. பறை என்று தொடங்கியது இருபத்தொன்பதாம் பாசுரத்தில் கைங்கர்யம் என்று முடிகிறது. வேறு விருப்பங்களை மாற்றியருளவும் அங்கே வேண்டப்படுகிறது. விவாகமே பயனாயின், கேட்ட பயனையே மாற்றச் சொன்னதாக முடியும். அது பிரபந்தத்தைத் தன்னோடு தானே முரணச் செய்வதாகும்.

எனினும், வ்யாஜம் என்ற சொல்லைக் கொண்டே நோன்பை இகழ்வதும் பொருந்தாது. மெய்யான நோன்பு இல்லையேல் அனுமதி இல்லை. அனுமதி இல்லையேல் அவன் வாசலில் கூடுதலும் இல்லை. ஆய்ப்பாடியின் மழையும் பசுக்களும் ஆசார்யர்களால் விலக்கப்படவில்லை. தமக்குரிய இடத்தில் வைக்கப்பட்டன.

பதியை வெளிப்படையாக விரும்பும் ஆண்டாளைக் காண நாச்சியார் திருமொழிக்கே செல்ல வேண்டும். தை மாதத்தில் காமனைத் தொழும் முதல் திருமொழியில், விஷ்ணுசித்தன் மகள் தேவதாந்தரத்தின் காலில் விழலாமோ என்ற வினாவுக்குப் பெரியவாச்சான் பிள்ளை, பிரேமத்தின் மிகுதியால் விளைந்த கலக்கம் என்று ஸமாதானம் அருளினார். இராமனுக்காக எல்லாத் தெய்வங்களையும் தொழுத அயோத்தி மக்களை அதற்கு நிகராகக் காட்டினார். திருமணக் கனாவை உரைக்கும் ஆறாம் திருமொழியின் பதினோராம் பாசுரம் நன்மக்கட்பேற்றைப் பலனாகக் கூறுகிறது. வைணவத் திருமணங்களில் அத்திருமொழி ஓதப்படுதல் மூலத்திற்கு இயைந்த வழக்கமே. திருப்பாவையின் முப்பதாம் பாசுரமோ திருமாலின் அருளையும் எங்கும் இன்புறுதலையும் மட்டுமே பலனாகச் சொல்கிறது. ஒரே நாச்சியாரின் இரு பிரபந்தங்களுக்கு இரு பலன்கள் உள்ளன. ஒன்றன் பலனை மற்றொன்றின் மேல் ஏற்றுவதே உபந்யாசகர் செய்யும் பிழை.

இவ்வேறுபாட்டை வலியுறுத்துவது மணம் வேண்டி மார்கழியில் பாடும் பெண்களை மனம் தளரச் செய்வதற்கன்று. மணமே பயன் என்று கேட்டுப் பாடியவள், தை வந்தும் மணம் கூடாவிடில், தன் நோன்பு பொய்த்தது என்றல்லவோ வருந்துவாள்? ஆசார்யர்கள் காட்டிய பொருளில் அந்த வருத்தத்திற்கு இடமில்லை. இருபத்தெட்டாம் பாசுரம் அறுதியிடும் உறவு, மணமானவள், ஆகாதவள், கணவனை இழந்தவள் என்னும் பேதமின்றி அனைவர்க்கும் பொது. கூடாரவல்லியில் அக்காரவடிசில் ஸமர்ப்பித்து அனைவரும் கூடியிருந்து உண்பதும், போகியன்று ஆண்டாள் திருக்கல்யாணத்தை ஸேவிப்பதும் அவ்வுறவின் கொண்டாட்டங்களே. திருப்பாவை உபந்யாசம் இதனைச் சொல்லுமாயின், வந்திருக்கும் பெண்களுள் ஒருத்தியும் வெறுங்கையோடு மீளாள்.