வெறுங்கால் கென்: அணுகுண்டுக்குப் பின் சிறுவர்களின் நம்பிக்கை

வெறுங்கால் கென் (ஜப்பானிய மொழியில் ‘ஹதாஷி நோ கென்’) 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானிய அசைவூட்டத் திரைப்படம். கெய்ஜி நகசாவா அதே பெயரில் வரைந்த படக்கதையைத் தழுவி எடுக்கப்பட்டது. மோரி மசாகி இயக்கினார். அசைவூட்டப் பணியை மேட்ஹவுஸ் நிறுவனம் செய்தது. திரைக்கதையை நகசாவாவே எழுதினார்.

உலகம் அழிந்துபோன பிறகு எஞ்சியிருக்கும் சிறுவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதைப் பேசும் அசைவூட்டப் படங்கள் பல உண்டு. பெரும்பாலானவற்றில் அந்த அழிவு கற்பனையானது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்க முடியாது. இந்தப் படத்தின் அழிவுக்கு ஊரும் நாளும் மணியும் இருக்கின்றன: இரோசிமா, 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. எனவே இதில் வரும் நம்பிக்கையும் அதே அளவுக்கு உண்மையானதா, பார்ப்பவரைத் தேற்றுவதற்காகச் சேர்க்கப்பட்டதா என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிதிபட்டாலும் நிமிரும் கோதுமைப் பயிரே படத்தின் செய்தி என்று பலரும் எழுதுகிறார்கள். படத்தைக் கூர்ந்து பார்த்தால், நம்பிக்கை கோதுமைக்கு வெகு முன்பே, அவ்வளவு அழகில்லாத இடங்களில் தொடங்கிவிடுவதைக் காணலாம்.

படக்கதையின் பின்னணி

நகசாவா 1939இல் இரோசிமாவில் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. குண்டு வெடித்த மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நின்றிருந்தார். அந்தச் சுவர்தான் அவரைக் காப்பாற்றியது. தந்தை, அக்காள், தம்பி மூவரும் இடிந்த வீட்டுக்குள் சிக்கி இறந்தனர். அன்றே தாய்க்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையும் நெடுநாள் வாழவில்லை. 1966இல் தாய் இறந்து உடலை எரித்தபோது, எலும்புகள்கூட முழுதாக மிஞ்சவில்லை. அணுகுண்டைப் பற்றி வரைய வேண்டும் என்ற உறுதி அவருக்கு அப்போதுதான் பிறந்தது. ‘வெறுங்கால் கென்’ 1973இல் வார ஷோனென் ஜம்ப் என்ற சிறுவர் இதழில் தொடராக வரத் தொடங்கியது. பின்னர் வேறு இதழ்களிலும் தொடர்ந்து, பத்துத் தொகுதிகளாக நூல்வடிவம் பெற்றது. ‘கென்’ என்ற பெயருக்கு மூலம், வேர் என்று பொருள். எரிந்த மண்ணை வெறுங்காலால் மிதித்து நிற்கும் ஒரு பிள்ளை என்ற எண்ணத்தில் நகசாவா அந்தப் பெயரைத் தேர்ந்தார். அவர் 2012 டிசம்பரில் காலமானார்.

கதை

போரின் கடைசிக் கோடைக்காலம். நகாவோகா குடும்பத்தில் தந்தை டைகிச்சி, கருவுற்றிருக்கும் தாய் கிமியே, மூத்தவள் எய்கோ, தொடக்கப்பள்ளியில் படிக்கும் கென், தம்பி ஷின்ஜி என ஐந்து பேர். வீட்டில் எப்போதும் பசி. ஒரே ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்குக்காக அண்ணனும் தம்பியும் அடித்துக்கொள்கிறார்கள். படத்தின் முதல் பகுதி முழுவதும் இப்படிப்பட்ட சண்டைகளும் சிரிப்பும்தான்.

பிறகு குண்டு விழுகிறது. கென் ஒரு கல்லை எடுக்கக் குனிந்த நேரத்தில் வெளிச்சம் பாய்கிறது. திரையில் வண்ணங்கள் மறைகின்றன, ஓசையும் அடங்குகிறது. சற்று முன்பு தெருவில் கண்ட மனிதர்கள் ஒவ்வொருவராக உருகுவது காட்டப்படுகிறது. அசைவூட்டப் படங்களில் இதைவிடக் கொடிய சில நிமிடங்களைக் காண்பது அரிது. வகுப்பில் திரையிட எண்ணும் ஆசிரியர்கள் இந்தப் பகுதியை முதலில் தாங்கள் தனியாகப் பார்த்துவிடுவது நல்லது. பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் காட்ட வேண்டியதில்லை.

தந்தையும் அக்காளும் தம்பியும் வீட்டு உத்தரங்களுக்கு அடியில் சிக்கிக்கொள்ள, தீ நெருங்குகிறது. தாயையும் பிறக்கப்போகும் குழந்தையையும் காப்பாற்றும் பொறுப்பைத் தந்தை கென்னிடம் விட்டுச் செல்கிறார். தானும் அங்கேயே எரிந்துபோகிறேன் என்று அடம்பிடிக்கும் தாயைக் கென் இழுத்துக்கொண்டு ஓடுகிறான். அன்றே டொமோகோ பிறக்கிறாள். அந்தப் பிரசவத்தில் தாய்க்குத் துணையாக இருப்பது அந்தச் சிறுவன் ஒருவன்தான்.

கெண்டை மீன் விவகாரம்

குண்டுக்கு முந்தைய பகுதியில் ஒரு சிறு காட்சி. தாய் ஊட்டக்குறைவால் மெலிந்து போகிறாள். கென்னும் ஷின்ஜியும் ஒரு செல்வந்தரின் தோட்டத்துக் குளத்தில் இறங்கிக் கெண்டை மீன் திருடுகிறார்கள். பிடிபட்டுக் கென் அடி வாங்குகிறான். மீன் தாய்க்காக என்று தெரிந்ததும் அந்தப் பெரியவர் மனம் இளகி மீனைக் கொடுத்தனுப்புகிறார்.

படக்கதையிலும் உள்ள இந்த நிகழ்ச்சி நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு கல்விச் சிக்கலின் நடுவே வந்து நின்றது. இரோசிமா நகரப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பு மாணவர்களுக்கான அமைதிக் கல்விப் பாடத்தில் ‘வெறுங்கால் கென்’ பகுதிகள் இடம்பெற்றிருந்தன. 2023இல் நகரக் கல்வி வாரியம் அவற்றை நீக்கியது. கெண்டை மீனைத் திருடுவது பிள்ளைகளுக்குத் தவறான எண்ணத்தைத் தரலாம். கென் தெருவில் பாட்டுப் பாடிக் காசு சேர்ப்பது இன்றைய பிள்ளைகளுக்கு எளிதில் விளங்காது. எடுத்துரைக்கப்பட்ட காரணங்களில் இவ்விரண்டும் இருந்தன. இதற்கு முன் 2012இல் மத்சுயே நகரத்தில், கொடூரமான காட்சிகளைக் காரணம் காட்டி, பள்ளி நூலகங்கள் இந்த நூலை மாணவர் கைக்கு எட்டாத அடுக்கில் வைக்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் 2013இல் அது கைவிடப்பட்டது.

மத்சுயே முடிவை ஏற்காவிட்டாலும் அதன் காரணம் புரிகிறது. இரோசிமா வாரியத்தின் காரணம் கதையின் உயிர்நாடியிலேயே கைவைக்கிறது. கென்னின் நம்பிக்கை நல்லொழுக்கப் பாடத்தில் அடங்குவதில்லை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று அவன் ஒருபோதும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. வயிறு பசிக்கிறது, அம்மாவுக்கு ஏதாவது வேண்டும், எங்கே கிடைக்கும் என்றே அவன் கால்கள் நடக்கின்றன. கெண்டை மீனுக்காகக் குளத்தில் இறங்கிய அதே பிள்ளைதான் குண்டு விழுந்த பின் எரிந்த கிடங்கில் கருகாத அரிசியைத் தோண்டி எடுக்கிறான். தாய்க்குப் பால் வற்றியதும் குழந்தைக்குப் பால் தேடி அலைகிறான். முதல் காட்சியை நீக்கிவிட்டால் இரண்டாவது காட்சியின் சிறுவன் எங்கிருந்து வந்தான் என்பதே தெரியாமல் போகும். திருட்டுச் சரியா தவறா என்று மாணவர்கள் வகுப்பில் வாதிட்டால் அதில் கெடுதல் என்ன?

ரியூட்டாவும் செய்ஜியும்

படத்தின் சிறந்த பகுதி இரண்டாம் பாதியில் இருக்கிறது. கென்னின் தலைமுடி உதிர்ந்துவிட்டது. தாயும் பிள்ளைகளும் ஒரு குடிசையில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறுவன் உள்ளே புகுந்து அவர்களது உணவைத் திருடுகிறான். துரத்திப் பிடித்தால் இறந்துபோன ஷின்ஜியின் முகம். அவன் பெயர் ரியூட்டா, யாருமற்ற அனாதை. இருக்கும் சோற்றை அவனோடு பங்கிட்டு, அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே படம் ஒரு கணக்கைத் திருப்பித் தருகிறது. முன்பு மீன் திருடிய கென் ஒரு பெரியவரின் இரக்கத்தைப் பெற்றான். இப்போது திருடப்பட்டவன் அவனே. அந்தச் செல்வந்தரிடம் குளம் நிறைய மீன் இருந்தது. கென்னிடம் ஒரு பிடிச் சோறு. ஷின்ஜியின் சாயல் இருந்ததால்தான் ஏற்றுக்கொண்டார்கள் என்று கூறலாம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் முகச்சாயல் வாசல் வரைதான் உதவும். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பங்கிட்டுச் சாப்பிடுவதற்கு வேறொன்று தேவைப்படுகிறது.

அடுத்து இருவரும் ஒரு வேலைக்குப் போகிறார்கள். செய்ஜி என்ற ஓவியர் உடல் முழுவதும் தீக்காயத்தோடு படுத்திருக்கிறார். புண்களில் புழு வைத்திருக்கிறது. பணக்காரக் குடும்பம்தான், ஆனால் வீட்டில் எவரும் அவர் அறைக்குள் நுழைவதில்லை. அவரைத் துடைத்துக் கட்டுப்போடக் கூலிக்கு ஆள் வைக்கிறார்கள். முகத்தில் அறைந்தாற்போல் பேசும் செய்ஜியிடம் சிறுவர்கள் பதிலுக்குக் கோபப்படுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். இரக்கத்தோடு தடவிக்கொடுக்காமல் ஒரு சாதாரண மனிதரிடம் சண்டையிடுவதுபோல் அவர்கள் சண்டையிட்டதுதான் செய்ஜிக்கு மருந்தாகிறது. தன்னை மனிதனாக நடத்தியவர்கள் இவர்கள் என்று அவர் உணர்கிறார்.

கிடைத்த கூலியில் பால் வாங்கிக்கொண்டு இருவரும் ஓடிவருகிறார்கள். டொமோகோ இறந்துவிட்டாள்.

இந்த இடத்தில் இசையைப் பெருக்கி அழவைப்பது எளிது. படத்தின் வலிமை வேறிடத்தில் இருக்கிறது: சிறுவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை, தாமதிக்கவும் இல்லை. உழைத்தார்கள், சம்பாதித்தார்கள், பாலும் வாங்கினார்கள். அப்படியும் குழந்தை பிழைக்கவில்லை. முயற்சிக்குப் பலன் உண்டு என்று சொல்லிச் சிறுவர்களை ஏமாற்ற நகசாவா ஒப்பவில்லை.

இசாவோ தகஹாதா 1988இல் எடுத்த ‘மின்மினிகளின் கல்லறை’ படத்தை இதனோடு ஒப்பிடுவது வழக்கம். அதில் 14 வயது செய்த்தாவும் நான்கு வயதுத் தங்கை செத்சுகோவும் உறவினர் வீட்டை விட்டு வெளியேறி, கைவிடப்பட்ட பதுங்குகுழியில் தனியே வாழ முயல்கிறார்கள், இருவரும் இறக்கிறார்கள். கலைநயத்தில் தகஹாதாவின் படமே உயர்ந்தது. ஆனால் அங்கே சிறுவர்கள் உலகத்தை விட்டு விலகுகிறார்கள். கென் எதிர்த்திசையில் போகிறான்: கதவைத் தட்டுகிறான், கெஞ்சுகிறான், கத்துகிறான், கூலி கேட்கிறான். டொமோகோவும் இறக்கிறாள், செத்சுகோவும் இறக்கிறாள். கென்னைச் சுற்றி மட்டும் ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள்.

கோதுமை

நெல் விளையும் ஊர்களில் வளர்ந்த வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவைப்படலாம். ஜப்பானில் குளிர்காலத்தில் கோதுமை, பார்லி இளம்பயிர்களை உழவர்கள் வேண்டுமென்றே காலால் மிதித்துச் செல்வது பழைய வழக்கம். உறைபனி மண்ணைக் கிளப்பும்போது வேர் மேலே வந்துவிடாமல் இருக்கவும், தூர் நன்றாகக் கட்டவும் இப்படிச் செய்கிறார்கள். படத் தொடக்கத்தில் கோதுமை வயலில் டைகிச்சி பிள்ளைகளுக்குக் கூறும் அறிவுரை இதிலிருந்து பிறந்தது. அறியாதவர்களுக்கு அது வெறும் உவமை. அறிந்தவர்களுக்கு அது வேலை.

இறுதியில், சாம்பல் மண்ணில் கோதுமை முளைத்திருப்பதை ரியூட்டா காண்கிறான். 70 ஆண்டுகளுக்கு அங்கே புல்கூட முளைக்காது என்ற பேச்சு பரவியிருந்த நேரம் அது. கென்னின் தலையிலும் முடி அரும்பியிருக்கிறது. தந்தையின் சொல் நினைவுக்கு வருகிறது. இறந்தவர்களுக்காக ஆற்றில் ஒரு சிறு படகில் விளக்கேற்றி விடுகிறார்கள்.

இந்த முடிவு அவசரமாக வருகிறது என்றே சொல்ல வேண்டும். டொமோகோ இறந்த சற்று நேரத்தில் பயிரும் முடியும் ஒரே காட்சியில் தோன்றுவது பார்வையாளரின் கண்ணீரைத் துடைக்கத் துண்டு நீட்டுவதுபோல் இருக்கிறது. ரியூட்டாவையும் செய்ஜியையும் கொண்டு சொல்லி முடித்துவிட்டதை இயற்கையும் வந்து ஒருமுறை சொல்ல வேண்டியதில்லை.

விடுபட்டவை

ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படத்தில் பத்துத் தொகுதிகள் அடங்கா. ஆயினும் விடப்பட்டவை எவை என்பது முக்கியம். படக்கதையில் டைகிச்சி போரை வெளிப்படையாக எதிர்ப்பவர். அதற்காகச் சிறையில் வதைபடுகிறார். குடும்பத்தைத் துரோகிகள் என்று தெருவே ஒதுக்குகிறது. ஜப்பானில் கொரியர்கள் பட்ட இழிவும் பேரரசரின் போர்ப்பொறுப்பும் அதில் ஒளிவுமறைவின்றிப் பேசப்படுகின்றன. திரைப்படத்தில் இந்தக் கூர்மை வெகுவாக மழுங்கிவிட்டது. குண்டு வானத்திலிருந்து விழுந்த ஒரு பேரிடர் என்ற எண்ணம் படத்தை மட்டும் பார்ப்பவருக்கு ஏற்படக்கூடும். மாணவர்கள் படத்தோடு முதல் தொகுதியையாவது படிப்பது நல்லது.

உருவங்கள் உருண்டைக் கண்களோடு, குட்டிக்கரணமும் குத்துச்சண்டையுமாக வரையப்பட்டிருப்பது இத்தகைய கதைக்குப் பொருந்தவில்லை என்பாரும் உண்டு. சிறுவர் இதழுக்காக வரைந்தவரின் கை அது. பிணங்களுக்கு நடுவிலும் பிள்ளைகள் சண்டையிடுவார்கள், விளையாடுவார்கள் என்பதை ஆறு வயதில் நேரில் அறிந்தவரின் கையும் அதுதான்.

1986இல் இப்படத்தின் தொடர்ச்சி வெளிவந்தது. கதை மூன்று ஆண்டுகள் கழித்து நடக்கிறது. கென்னும் ரியூட்டாவும் இடிபாடுகளில் வாழும் மற்ற அனாதைச் சிறுவர்களோடு சேர்ந்திருக்கிறார்கள். கென்னுக்கு முடி நன்றாக வளர்ந்திருக்கிறது. தீயிலிருந்து அவன் இழுத்துக்கொண்டு ஓடிக் காப்பாற்றிய தாய், கதிர்வீச்சு நோயால் மெல்லச் செத்துக்கொண்டிருக்கிறாள்.