பத்துக் குறிகளில் ஒரு முகவரி

அவிநாசி வட்டாரத்தில் ஒரு தோட்டத்துச் சாளைக்கு வழி கேட்டால், வேப்பமரத்தைத் தாண்டி வாய்க்கால் மேட்டில் இறங்கி இரண்டாவது இட்டேரியில் திரும்பச் சொல்வார்கள். கடிதத்தில் தோட்டத்தின் பெயரும், ஊரும், 641654 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணும் இருந்தால் போதும்; தபால்காரர் சேர்த்துவிடுவார். அவர் தலைக்குள் இருக்கும் படத்தைக் கணிப்பொறிக்கு எப்படிக் கொடுப்பது? கூரியர் நிறுவனம், வங்கி, பின்னலாடை வணிகர் என இன்று எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். முகவரியை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாக மாற்ற வேண்டும். அந்த எண்களிலிருந்து முகவரியைத் திரும்பப் பெறவும் வேண்டும்.

இதற்கு விடையாக 2025 மே மாதம் அஞ்சல் துறை 'டிஜிபின்' என்ற முறையை வெளியிட்டது. ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையமும் இதன் ஆக்கத்தில் பங்கு கொண்டன. 1972 ஆகஸ்டு 15இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க எண், ஓர் அஞ்சலகத்தின் எல்லையைத்தான் காட்டும். 2009இல் அவிநாசி கோவை மாவட்டத்திலிருந்து திருப்பூர் மாவட்டத்துக்குப் போயிற்று. எண் மட்டும் பழைய 641 வரிசையிலேயே நிற்கிறது. ஆகவே நுட்பமான குறியீடு ஒன்று தேவை என்பதில் ஐயமில்லை.

டிஜிபினின் கணக்கு மிக எளிது. பள்ளி மாணவரே போட்டுப் பார்க்கலாம். வட அட்சம் 2.5 பாகை முதல் 38.5 பாகை வரை, கிழக்குத் தீர்க்கம் 63.5 முதல் 99.5 வரை ஒரு சதுரம். பக்கம் 36 பாகை. அதை நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இடுகிறார்கள். 2 முதல் 9 வரை எட்டு எண்கள். சி, எஃப், ஜே, கே, எல், எம், பி, டி என எட்டு ஆங்கில எழுத்துகள். கிடைத்த கட்டத்தை மீண்டும் பதினாறாக்குவது, மீண்டும் பதினாறாக்குவது எனப் பத்து முறை. கடைசிக் கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 3.8 மீட்டர். தீர்க்கரேகைகள் வடக்கே நெருங்குவதால் கிழக்கு மேற்கு அகலம் அவிநாசியில் 3.75 மீட்டர் என்றால் காஷ்மீரில் 3.2 மீட்டருக்கும் குறைவு. அவிநாசியின் குறியீடு 'எம் 9 எஃப்' என்று தொடங்கும். இதற்குத் தரவுத்தளமோ இணையமோ வேண்டாம். செய்முறையையும் யாவரும் காணத் திறந்து வைத்திருக்கிறார்கள். இவ்வளவும் பாராட்டுக்குரியது.

ஆனால் எல்லைக்கோட்டுக்குப் போய்ப் பாருங்கள். முதல் பிரிப்பில் ஒரு கோடு வட அட்சம் 11.5 பாகையில் விழுகிறது. அது நம் சத்தியமங்கலத்தை ஒட்டியே செல்கிறது. கோட்டுக்குத் தெற்கே இருக்கும் வீடு 'எம் 9 எஃப்'. வடக்கே அடுத்த வீடு '4 பி எல்'. முதல் மூன்று மட்டுமல்ல, பத்துக் குறிகளில் ஒன்றுகூட ஒத்திராது! காரணம், தெற்கு வீடு இரண்டாம் நிலை முதல் ஒவ்வொரு நிலையிலும் மேல் வரிசையிலும், வடக்கு வீடு கீழ் வரிசையிலும் அமைந்துவிடுகின்றன. தொடக்கம் ஒன்றாயிருந்தால் அண்மை என்பது சரி. தொடக்கம் வேறாயிருந்தால் தொலைவு என்று முடிவு கட்டி, ஒரே தெருவின் பார்சல்களை இரண்டு வண்டிகளில் ஏற்றும் நிறுவனம் எரிபொருளை வீணாக்கும்.

இதைவிடப் பெரிய குறை, பிழை காட்டும் குறி இல்லாமை. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் மற்ற பதினொன்றையும் சரிபார்ப்பதற்கென்றே உள்ளது. ஓர் இலக்கம் தவறினால் கணிப்பொறி ஏற்காது. டிஜிபினில் பத்துக் குறிகளை எப்படிக் கோத்தாலும் அது ஏதோ ஓர் இடம்தான். கடைசிக் குறி தவறினால் இருபது மீட்டருக்குள் தேடிக்கொள்ளலாம். மூன்றாவது குறியான 'எஃப்' என்பதைச் 'சி' என்று எழுதிவிட்டாலோ, அவிநாசிச் சரக்கு 61 கிலோமீட்டர் கிழக்கே, கொடுமுடிப் பக்கம் போய் நிற்கும். தொலைபேசியில் பீ, டீ, சீ என்று சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் காதில் சரியாக விழுகிறதென்று! பதினோராவதாக ஒரு குறி சேர்த்திருந்தால் இத்தொல்லை பெரிதும் தீர்ந்திருக்கும். ஏன் சேர்க்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

இயற்பியல் வகுப்பில் முக்கிய எண்ணுருக்கள் பற்றி மாணவர்களுக்குச் சொல்கிறோம். மீட்டர் அளவுகோலால் அளந்துவிட்டு மைக்ரானில் விடை எழுதக்கூடாது. கைபேசியின் செயற்கைக்கோள் வழிகாட்டி திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிழை உடையது. சந்துக்குள் சுவர்களில் அலைகள் எதிரொளித்து வருவதால் பிழை இன்னும் கூடும். அதைக்கொண்டு 3.8 மீட்டர் கட்டத்தைத் தேர்ந்தால், கிடைப்பது பக்கத்து வீட்டாரின் குறியீடாகவும் இருக்கலாம். உயரத்துக்கும் இதில் இடமில்லை. திருப்பூரில் ஒரே கட்டடத்தின் கீழே தையலும் மேலே அலுவலகமும் இருந்தால் இரண்டுக்கும் ஒரே குறியீடுதான்.

இவை எல்லாவற்றையும் திருத்திவிட்டதாக வைத்துக்கொண்டாலும், வணிகரின் முதல் கேள்வி அப்படியே நிற்கிறது. டிஜிபின் செய்வது ஆயத்தொலைவைக் குறியீடாக்கும் வேலை. பேரேட்டில் எழுதியிருக்கும் பழைய முகவரியை ஆயத்தொலைவாக்கும் வேலையை அது தொடவே இல்லை. அமெரிக்கர் 1970ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தெருக்களைக் கணிப்பொறியில் ஏற்றினர். ஒரு தெருத்துண்டில் கதவிலக்கம் 100 முதல் 200 வரை என்றால், 150 நடுவில் இருக்கும் என்று இடைச்செருகல் முறையில் கணக்கிடலாம். நம் ஊரில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. 5/112க்கு அடுத்தது 5/112 ஏ ஆகவும் இருக்கும், 5/47 ஆகவும் இருக்கும். இடைச்செருகல் இங்கே செல்லாது. அப்போது மாற்றித் தரும் மென்பொருள்கள் பலவும் கைவிட்டுவிட்டு, அஞ்சல் எல்லையின் நடுப்புள்ளியை விடையாகத் தருகின்றன, அதுவும் தசமப் புள்ளிக்குப் பின் ஆறு இலக்கங்களுடன்! ஆறாவது இலக்கம் 11 சென்டிமீட்டரைக் குறிக்கும். உண்மைப் பிழையோ பல கிலோமீட்டர். அந்தப் புள்ளியைப் பத்துக் குறிகளாக மாற்றினால் பிழை குறையாது, மறைந்துகொள்ளும், அவ்வளவே.

எனவே வணிகர் எவரும் இம்முறையைக் கையாளும்போது, குறியீட்டோடு அது எப்படிக் கிடைத்தது என்பதையும் ஒரு பத்தியில் குறித்து வைக்க வேண்டும்: வாசலில் நின்று எடுத்ததா, படத்தில் விரல் வைத்ததா, மென்பொருள் ஊகித்ததா? மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க வழியில்லை. வாசலில் நின்று எடுப்பதற்கு ஆள் வேண்டும், கூலி வேண்டும். அந்த இட்டேரிகளை நாள்தோறும் மிதிக்கும் தபால்காரரிடமே அவ்வேலையை ஒப்படைத்து, ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் ஊதியமும் கொடுக்கலாம்.