வாடையடிக்கும் தலையைத் தடவிய கை

திருப்பனந்தாள் கோயில் கதை பலருக்கும் தெரியும். மாலை சாத்த வந்த தாடகைக்கு ஆடை நெகிழ்ந்தது. இரண்டு கையிலும் மாலை. முழங்கையால் ஆடையை இடுக்கிக்கொண்டு தவித்தாள். லிங்கமே தலை சாய்த்து மாலையை வாங்கிக்கொண்டதாம். காமம் கலக்காத அன்புக்கு இதைத்தான் காட்டுவார்கள்.

காட்டட்டும். இதே சோழநாட்டில்தான் திருப்புன்கூரும் இருக்கிறது. அங்கே வாசலில் நின்ற நந்தனுக்கு நந்திதான் விலகியது. சாமி சாயவில்லை, உள்ளே வா என்று கூப்பிடவுமில்லை. தில்லையிலோ தீக்குளித்து, பூணூலோடு எழுந்த பிறகுதான் அனுமதி. ஆக, காமமில்லாத அன்புக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறது.

எம்.ஏ. வகுப்பில் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் நட்பைச் சொல்லி, உடலைக் கடந்த அன்பே உயர்ந்தது என்றார்கள். எனக்கு உறுத்தியது. பார்க்காமல் தொடாமல் பழகுவது அவர்களுக்குப் பெருமை. நமக்கோ அது தண்டனை. எங்கம்மா நடவு நட்ட பண்ணை வீட்டு அம்மா, எங்கம்மா காய்ச்சல்ல கெடந்தப்ப வாசல்ல நின்னு கண் கலங்கினாங்க. அந்தப் பாசம் பொய்யில்ல. ஆனா அந்தக் கை ஒருநாளும் எங்கம்மா நெத்தியத் தொட்டுப் பார்க்கல.

அதனால்தான் புறநானூற்றின் 235ஆம் பாட்டு எனக்கு முக்கியமாகப்படுகிறது. அதியமான் இறந்தபின் ஔவை பாடியது. கள்ளையும் சோற்றையும் எங்களோடு பகிர்ந்தானே என்கிறாள். வாசனை வீசும் தன் கையால், புலால் வாடையடிக்கும் என் தலையைத் தடவிக் கொடுப்பானே என்று அழுகிறாள். இங்கே காமமில்லை. ஆனால் உடல் இருக்கிறது, கறி வாடை இருக்கிறது, கூசாத கை இருக்கிறது.

இதைப் பின்னால் வந்தவர்களால் தாங்க முடியவில்லை. இந்த ஔவையையும் பிற்கால ஔவையையும் ஒன்றாக்கிக் கிழவியாக்கினார்கள். 1953இல் வந்த ஜெமினியின் 'ஔவையார்' படத்தில், கல்யாணத்திலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் வேண்டி முதுமையை வாங்கிக்கொள்கிறாள். கிழவி என்றால் யாருக்கும் சந்தேகம் வராது பாருங்கள்! நெல்லிக்கனி ஊரெல்லாம் பரவியது. கள்ளும் புலாலும் சேரியிலேயே நின்றுவிட்டன.

சங்க காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கொடுத்தவன் அரசன், வாங்கியவள் பாடிப் பிழைத்தவள். ஏற்றத்தாழ்வு அங்கேயும் இருந்தது. ஆனாலும் அந்தத் தடவலை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

காமம் இல்லை என்பதற்காக மட்டும் ஓர் அன்பைப் புனிதம் என்று கொண்டாட வேண்டாம். யார் தலையைத் தொட அந்தக் கை கூசுகிறது என்று முதலில் கேட்போம்.