இரண்டு ஓட்டங்கள், ஒரே பேனா

தோகா நகரின் ஓடுதளம் நம் பகுதிக்கு இரண்டு பதக்கங்களைத் தந்தது. இரண்டும் பின்னர் பறிக்கப்பட்டன. 2006 டிசம்பரில் அங்கு நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். 2019 ஏப்ரல் 22 அன்று அதே நகரில், அதே தொலைவில், ஆசியத் தடகளப் போட்டியில் தங்கம் வென்றவர் திருச்சியை அடுத்த முடிகண்டத்தின் கோமதி மாரிமுத்து. கே.கே. நகரில் வாழும் நமக்கு இவ்விரு ஊர்களும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவே. இருவரும் பதக்கம் இழந்த காரணங்கள் முற்றிலும் வேறானவை. ஆயினும் இருவரைப் பற்றியும் எழுதிய பேனா ஒன்றுதானோ என ஐயுறும் அளவுக்குச் செய்தித்தாள்களின் போக்கு ஒத்திருந்தது.

சாந்தி செய்த குற்றம் எதுவுமில்லை. செங்கற்சூளைத் தொழிலாளரின் மகளாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பெண்ணாகவே ஓடினார். போட்டிக்குப் பின் அவர்மீது பாலினச் சோதனை நடத்தப்பட்டது. அதன் முடிவு மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருக்க வேண்டியது. ஆனால் சில நாட்களிலேயே அது நாடெங்கும் தொலைக்காட்சிச் செய்தியாயிற்று. அதன்பின் அவர் உடலே விவாதப் பொருளாயிற்று. ஒரு பெண்ணின் உடற்கூற்றைப் பற்றி, அதனை அறியாதோரெல்லாம் தீர்ப்புரைத்தனர். அறிவியலும் சட்டமும் இதில் தடுமாறிக்கொண்டே வந்துள்ளன. உலகத் தடகள அமைப்பு எல்லாப் பெண்களுக்குமான சோதனையை 1990களின் தொடக்கத்தில் கைவிட்டது. 2025-இல் மரபணுச் சோதனை என்னும் வடிவில் அதனையே மீண்டும் கொண்டுவந்தது. வல்லுநர்களுக்கே இத்துணைத் தயக்கம் இருக்க, செய்தியாளருக்கு மட்டும் தயக்கம் இல்லாமற் போனது எங்ஙனம்?

“உண்மையைத்தானே எழுதினோம்” என்பர். அறநெறி இறையியல் இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கிறது. இல்லாததைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது அவதூறு. உள்ளதையே தக்க காரணமின்றி வெளிப்படுத்திக் கெடுப்பது புறங்கூறுதல். இரண்டும் எட்டாம் கட்டளைக்கு மாறானவையே. வள்ளுவரும் புறங்கூறாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். 2007-இல் சாந்தி தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார் என்பதை நினைவுகூர்ந்தால், இது ஏட்டளவிலான வேறுபாடு அன்று என்பது விளங்கும். சோதனை முடிவு வெளிவந்த பின்னரும் அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்கு 15 இலட்சம் ரூபாய் வழங்கினார். அரசியலார் காட்டிய அந்தக் கண்ணியத்தைச் செய்தித்துறை காட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

கோமதியின் கதை வேறு. 2 நிமிடம் 2.70 நொடியில் அவர் ஓடி முடித்தபோது அவருடைய காலணிகள் இரண்டும் வெவ்வேறு நிறத்தில் இருந்தன. போதாதா? புதுக்காலணி வாங்க வழியற்ற ஏழைப்பெண் கிழிந்த காலணியோடு ஓடினாள் என்று கண்ணீர்க் கதை கிளம்பிற்று. அவை தமக்கு இராசியானவை என்று அவரே விளக்க நேர்ந்தது. அவருடைய இளமைக்கால வறுமை உண்மை. ஆனால் அப்போது அவர் பெங்களூருவில் வருமான வரித்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்தவர். வறுமையைப் பாடுவது போல வறுமைக்கு வேடமிடுவதும் நம் இதழ்களுக்குக் கைவந்த கலை. புகழ்ச்சியாக வரும் பொய்யை எவரும் மறுக்க முன்வருவதில்லை. ஆகவே அது எளிதில் நிலைத்துவிடுகிறது.

அடுத்த மாதமே ஊக்கமருந்துச் செய்தி வந்தது. முறையான அறிவிப்புக்கு முன்பே பெயர் வெளியாகிவிட்டது. அவர் மறுத்தார். 2020-இல் நான்காண்டுத் தடை விதிக்கப்பட்டது. 2019 மார்ச் 18 முதல் மே 17 வரை அவர் பெற்ற முடிவுகள் யாவும் இரத்தாயின. அவரது மேல்முறையீடும் தள்ளப்பட்டது. இங்கே ஒரு சாரார் ஒரே நாளில் அவரை ஏமாற்றுக்காரி ஆக்கினர். மறுசாராரோ ஏழைத் தமிழச்சிக்கு எதிரான சதி என்றனர். முன்னது இரக்கமின்மை, பின்னது பாசம் போர்த்திய ஓரவஞ்சனை. நாண்ட்ரலோன் என்பது யாது, மாதிரிகள் எவ்வாறு சோதிக்கப்படுகின்றன, மறுப்பதற்கு வீரருக்குள்ள உரிமை யாது என்று பொறுமையாக விளக்கியவர் மிகச் சிலரே. அன்று இரண்டாவதாக வந்து, பின்னர்த் தங்கத்திற்கு உரியவரான சீனத்தின் வாங் சுன்யூவின் பெயர் நம் வாசகருள் எத்தனை பேருக்குத் தெரியும்? நேர்மையாக ஓடியவரும் ஒரு தாயின் மகளே.

இது நம் நாட்டு நோய் மட்டுமன்று. 2024 ஆகஸ்டு 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் அல்ஜீரியாவின் இமானே கெலிஃபை எதிர்த்த இத்தாலிய வீராங்கனை 46 நொடிகளில் களத்தை விட்டு விலகினார். அன்று மாலைக்குள் உலகம் இரண்டு கட்சியாகிவிட்டது. விலகிய கரினியே பின்னர் தம் எதிராளியிடம் வருத்தம் தெரிவித்தார். கூச்சலிட்டோர் பலருக்கு அது தேவைப்படவில்லை.

சாந்தி பின்னாளில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். இழந்த வெள்ளி அவருக்குத் திரும்பவில்லை. கோமதியின் தடைக்காலம் 2023 மே மாதத்தில் முடிவுற்றது. தடை விதிக்கப்பட்டபோது பெரிய எழுத்துகளில் வந்த பெயர், அது முடிந்தபோது சிறிய எழுத்துகளில்கூட நம் கண்ணில் படவில்லை.