சின்னப் பீப்பாயின் கணக்கு

மாப்பசானின் 'சின்னப் பீப்பாய்' (1884) முதல் வாசிப்பில் ஒரு பேராசைக் கதை. ஷிகோ என்ற விடுதிக்காரன். அவன் நிலத்தை ஒட்டி மக்லுவார் கிழவியின் பண்ணை. அதை வாங்க அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. பிறந்த இடத்திலேயே சாவேன் என்று அவள் விற்க மறுக்கிறாள். கடைசியில் அவளுக்குச் சாராயப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்து, குடித்தே சாகவைத்து நிலத்தை எடுத்துக்கொள்கிறான். மோசமான ஆள், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. கையில் பேனாவை வைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்துப் பாருங்கள். இந்தக் கதைக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது.

அவர்கள் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தத்துக்குப் பிரெஞ்சில் வியாஜே என்று பெயர். வாங்குபவர் முழு விலையையும் ஒரேயடியாகத் தருவதில்லை. விற்றவர் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் ஒரு தொகை தருவார். விற்றவர் அதே வீட்டில் இருந்துகொள்ளலாம். அவர் செத்த பிறகு சொத்து கைமாறும். அதாவது விலையைத் தீர்மானிப்பது ஆயுள்.

அதனால்தான் பேரம் பேசும் இடம் கதையின் உச்சம் என்று எனக்குப் படுகிறது. ஷிகோ முதலில் மாதம் 150 பிராங்க் தருவதாகச் சொல்கிறான். கிழவி நோட்டரியிடம் யோசனை கேட்டுவிட்டு வந்து 250 கேட்கிறாள். தொகையை ஏற்றுவதற்காக, எனக்கு உடம்பே சரியில்லை, இன்னும் ஐந்தாறு வருஷம் தாண்டமாட்டேன் என்று புலம்புகிறாள். அவனோ தொகையைக் குறைப்பதற்காக, நீ கோயில் கோபுரம் மாதிரி இருக்கே, 110 வயசு வரை இருப்பே, என்னையே நீதான் புதைப்பே என்கிறான். நீண்ட ஆயுளை வாழ்த்தாகச் சொல்லித்தான் நமக்குப் பழக்கம். இங்கே அது விலையைக் குறைக்கும் தந்திரம். தன்னுடைய சாவை முன்னால் வைத்துப் பேரம் பேசுகிறவள் கிழவிதான்.

250க்கே முடிகிறது. இப்போது கூட்டிப் பார்ப்போம். வருஷத்துக்கு 3,000 பிராங்க். பண்ணையின் மதிப்பு குறைந்தது 60,000 என்று நோட்டரி சொல்கிறார். அந்தத் தொகையைக் கட்டி முடிக்க 20 வருஷம் ஆகும். கிழவிக்கு வயது 72. அவள் 92ஐத் தாண்டினால்தான் ஷிகோவுக்கு நஷ்டம்.

ஆனால் மூன்றே வருஷத்தில் அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடுகிறது. அதுவரை கட்டியது வெறும் 9,000. கிழவி கொஞ்சமும் தளராமல் நடமாடுவதைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தை நெரிக்கலாமா என்று தோன்றுகிறது. அப்புறம்தான் விருந்து, சாராயம், பரிசாக அந்தச் சின்னப் பீப்பாய். பனியில் விழுந்து அவள் செத்ததும், குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் இருந்திருப்பாள் என்கிறான். அவன் வாயாலேயே வந்த அந்தப் பத்தைச் சேர்த்தாலும் 92 வரவில்லை. லாபத்தில் இருந்தவன்தான் கொலை செய்திருக்கிறான்.

அப்படியென்றால் அவனைக் கொன்றது பேராசை மட்டுமில்லை. எப்போது முடியும் என்று தெரியாத ஒரு செலவை அவனால் தாங்க முடியவில்லை. நீண்ட ஆயுளுக்குப் பணம் சேர்ப்பதில் இருக்கும் சிக்கலும் இதேதான். எவ்வளவு வேண்டும் என்பதற்குப் பதில் சொல்ல, எவ்வளவு நாள் என்று முதலில் தெரிய வேண்டுமே.

நிஜ வாழ்க்கை மாப்பசானையும் மிஞ்சியது. ஆர்ல் நகரத்தில் ழான் கல்மான் என்ற பெண்மணி 1965இல் தன் 90ஆவது வயதில் வீட்டை வியாஜேவில் விற்றார். வாங்கிய நோட்டரிக்கு 47 வயது. மாதம் 2,500 பிராங்க். 30 வருஷம் கட்டிவிட்டு, 1995இல் அவர் இறந்துபோனார். கட்டியது வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அதன் பிறகு அவர் குடும்பம் கட்டியது. கல்மான் இறந்தது 1997இல், 122 வயதில். கணவர், மகள், பேரன் மூவரையும் 1963க்குள்ளேயே இழந்தவர் அவர். அவருக்குச் சோறு போட்டதில் அந்த ஒப்பந்தத்துக்கும் பங்கு உண்டு.

ஆயுள் ஓய்வூதியம் தரும் காப்பீட்டு நிறுவனமும் இதே பந்தயத்தைத்தான் கட்டுகிறது. ஆனால் ஒருவரோடு இல்லை, ஆயிரக்கணக்கானவர்களோடு. சீக்கிரம் போனவர்களின் பணம் 95ஐத் தாண்டியவர்களுக்குப் போகிறது. அங்கே எந்த ஒரு கிழவியின் வாசலிலும் ஷிகோ வந்து நிற்பதில்லை.

நம் வீடுகளில் இந்த ஒப்பந்தம் எழுதப்படாமலே நடக்கிறது. கடைசிவரை பார்த்துக்கொள்வான் என்று மகன் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக்கொடுக்கிறார்கள். பராமரிக்கும் நிபந்தனையோடு சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால் அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய மூத்த குடிமக்கள் சட்டம் (2007) பிரிவு 23 இடம் தருகிறது. இப்படி ஒரு பிரிவு தேவைப்பட்டது என்பதே போதும், மாப்பசான் பிரான்சைப் பற்றி மட்டும் எழுதவில்லை என்று சொல்ல.

மக்லுவார் கிழவி கணக்கில் கெட்டிக்காரி. நோட்டரியைக் கேட்டாள், பேரம் பேசினாள், கேட்ட தொகையை வாங்கினாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். தன் சாவுக்காகக் காத்திருக்கும் ஒரே ஒரு மனிதனின் கையில் தன் சாப்பாட்டை ஒப்படைத்ததைத் தவிர.