ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு

அமெரிக்காவில் மளிகைச் சாமான்களுக்கு வரும் தள்ளுபடிக் கூப்பனின் ஓரத்தில், கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்க வேண்டிய எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருக்கும்: ரொக்க மதிப்பு, ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. சிலவற்றில் இருபதில் ஒரு பங்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைகள் சாமானோடு பரிசு முத்திரைகள் கொடுத்து வாடிக்கையாளரை இழுத்தன. அதை ஒழுங்குபடுத்த வந்த சில மாநிலங்கள், அப்படிக் கொடுக்கும் தாளுக்கு ரொக்க மதிப்பு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டன. சட்டத்துக்கு எவ்வளவு குறைவாகக் கீழ்ப்படிய முடியுமோ அவ்வளவு குறைவாக நிறுவனங்கள் கீழ்ப்படிந்தன. அந்த வரி இன்னும் கூப்பனில் தொடர்கிறது.

அதே தாள் கல்லாவில் ஒரு டாலர் பெறும். ஆனால் தானாகப் பெறாது. ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளின் இணைப்பிலிருந்து யாராவது அதைக் கத்தரிக்க வேண்டும். தேதி பார்த்து அடுக்க வேண்டும். சொன்ன பிராண்டை, சொன்ன எடையில், தள்ளுபடி போடும் வாரம்வரை பொறுத்திருந்து வாங்க வேண்டும். பெரும்பாலும் இதைச் செய்பவள் ஒரு பெண். அவள் உழைப்பைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு சென்ட்டில் நூறில் ஒரு பங்கு. கூலியில்லாத வீட்டுழைப்பைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் வேறொரு அச்சுப் பிரதியை நான் படித்ததில்லை.

கூப்பன் சேர்க்கும் பெண்களைப் பற்றி அமெரிக்க வெகுசனப் பண்பாடு உருவாக்கிய இரண்டு படைப்புகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, டிஎல்சி தொலைக்காட்சியில் 2010 டிசம்பரில் சிறப்பு நிகழ்ச்சியாக வந்து, 2011-லும் 2012-லும் தொடராக ஓடிய ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’. மற்றது, 2021-இல் வந்த ‘குவீன்பின்ஸ்’ திரைப்படம். ஆனால் இவற்றுக்கு முன்னால் மூன்றாவதாக ஒரு பிரதியைப் படித்தாக வேண்டும். கடைகள் வெளியிடும் கூப்பன் விதிகள்தான் அது. அந்தப் பெண்கள் உட்கார்ந்து எழுத்தெண்ணிப் படிப்பது அதைத்தான்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவள் நியூஜெர்சியில் இருக்கும் என் பழைய மாணவி. எம்.ஃபில். வரை தமிழ் படித்தவள். கணவரின் வேலையைச் சார்ந்த எச்-4 விசாவில் போனவள். 2015-க்கு முன்பு அந்த விசாவில் இருந்தவர்கள் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. “மேடம், இது நீங்க நடத்தின சேனாவரையம் மாதிரியே இருக்கு. ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவுலதான் காசு இருக்கு” என்றாள்.

அவள் சொன்னது மிகையில்லை. ‘ஒரு வாங்குதலுக்கு ஒரு கூப்பன்’ என்றிருந்தால், வாங்கும் ஒவ்வொரு பொருளும் ஒரு வாங்குதல். பத்துப் பாக்கெட்டுக்குப் பத்துக் கூப்பன் நீட்டலாம். ‘ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன்’ என்றால் மொத்தச் சாமானுக்கும் ஒன்றுதான். பில்லைப் பிரித்துப் போடச் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. ‘ஒரு குடும்பத்துக்கு’ என்றால் அந்த வழியும் அடைபடும். தயாரிப்பாளர் தரும் கூப்பன் வேறு, கடை தரும் கூப்பன் வேறு. ஒரே பொருளுக்குத் தயாரிப்பாளரின் இரண்டு கூப்பன்கள் செல்லாது. ஆனால் ஒன்றின்மேல் கடைக் கூப்பன் ஒன்றையும் அடுக்கலாமென்று பல கடைகள் அனுமதிக்கும். சில கடைகள் தயாரிப்பாளர் கூப்பனின் மதிப்பை இரட்டிப்பாக்கும், குறிப்பிட்ட வரம்புவரை. நான்கு டாலர் சீரியல் பாக்கெட் ஒன்று தள்ளுபடி வாரத்தில் இரண்டரை டாலருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக் கூப்பன் 50 சென்ட். தயாரிப்பாளர் கூப்பன் 50 சென்ட், அது இரட்டித்து ஒரு டாலர். கையைவிட்டுப் போவது ஒரு டாலர்தான். தள்ளுபடிப் பொருள் தீர்ந்துவிட்டால், அதே விலைக்குப் பின்னால் வந்து வாங்கிக்கொள்ள ‘ரெயின் செக்’ என்று ஒரு சீட்டு தருவார்கள். அதற்குள் கூப்பனின் தேதி முடிந்துவிடுமா என்று அவள் பார்த்துவைக்க வேண்டும்.

இந்த விதிகளுக்குப் புறனடையும் உண்டு. இலக்கண நூலார் எல்லாம் சொல்லி முடித்தபின், விடுபட்டதையும் அடக்கிக்கொள்ள இயலின் இறுதியில் ஒன்று வைப்பார்களே, அதுபோல. எந்தக் கூப்பனையும் மறுக்கும் உரிமை கடையின் மேலாளருக்கு உண்டு என்பது அந்த வரி. அதனால்தான் பல பெண்கள் கடையின் விதிகளை அச்செடுத்து, கோப்பில் செருகி, கல்லாவுக்கே எடுத்துப்போகிறார்கள். விதி மாறிக்கொண்டும் இருக்கும். 2011 மார்ச்சில் வால்மார்ட் தன் விதிகளைத் திருத்தியபோது, கூப்பனின் மதிப்பு பொருளின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால் மிச்சத்தை ரொக்கமாகவோ மற்றச் சாமான்களின் கணக்கிலோ தரலாம் என்று எழுதியது. பின்னாளில் அந்தச் சலுகை போய்விட்டது. கவனித்தவள் பிழைத்தாள்.

இப்போது தொலைக்காட்சிக்கு வருவோம். ‘எக்ஸ்ட்ரீம் கூப்பனிங்’கின் ஒவ்வொரு பகுதியும் கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. முதலில் வீட்டைக் காட்டுவார்கள்: நிலவறையில், கட்டிலுக்கடியில், குழந்தைகளின் அறையில் அடுக்கிய பற்பசை, ஷாம்பு, கழிவறைத் தாள். பிறகு கடை, நிரம்பி வழியும் தள்ளுவண்டிகள். கடைசியில் கல்லா: நூற்றுக்கணக்கான டாலர் தொகை ஒவ்வொரு கூப்பனுக்கும் சரிந்து சில டாலரில் வந்து நிற்கும். அந்தச் சரிவுதான் உச்சக்காட்சி. சில பகுதிகளில் ஆண்களும் வருகிறார்கள். ஆனால் நிகழ்ச்சி வார்த்தெடுத்த உருவம் பெண்ணுருவம், அதிலும் கொஞ்சம் பித்துப் பிடித்த பெண். அவள் செலவிடும் நேரத்தை நிகழ்ச்சி மறைக்கவில்லை. அந்த நேரத்தை உழைப்பு என்று சொல்லாமல் பழக்கம், வெறி, போதை என்ற சொற்களின் பக்கம் தள்ளிவிடுகிறது. விதிகளைப் படிக்கும் காட்சி அரிது. படிப்பதைப் படம்பிடித்தால் யார் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர்கள் நினைத்திருக்கலாம். போதாததற்கு, படப்பிடிப்புக்காகச் சில கடைகள் தங்கள் வரம்புகளைத் தளர்த்தின என்று வழக்கமாகக் கூப்பன் சேர்ப்பவர்களே அப்போது புகார் சொன்னார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் என்பதால்தான் அந்தப் பிசகு அவர்கள் கண்ணில் பட்டது.

‘குவீன்பின்ஸ்’ இதைவிட நல்ல படைப்பு. எனக்கு ஏமாற்றமும் அதிகம். கீதா புல்லாப்பிள்ளியும் ஆரன் காடெட்டும் சேர்ந்து எழுதி இயக்கியது. 2012-இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் பகுதியில் மூன்று பெண்கள் கைதானார்கள். சுமார் 4 கோடி டாலர் மதிப்புள்ள போலிக் கூப்பன்களைக் கைப்பற்றியதாகப் போலீஸ் சொன்னது. அந்த வழக்கின் தூண்டுதலில் பிறந்த கதை. நாயகி கோனி ஒலிம்பிக் நடைப் போட்டியில் வென்றவள். அந்த வெற்றியால் பிழைப்புக்கு ஒன்றும் வரவில்லை. குழந்தைக்கான சிகிச்சையில் கடனாகிப் போனவள். கணவனுக்கு வருமான வரித்துறையில் கணக்குத் தணிக்கை வேலை. ஒரே வீட்டில் இரண்டு பேர் கணக்குப் பார்க்கிறார்கள், ஒருவருக்குச் சம்பளம் உண்டு. இந்த முரணைப் படம் தொட்டுவிட்டு நகைச்சுவைக்கு நகர்ந்துவிடுகிறது.

கோனி புகார்க் கடிதம் ஒன்று எழுதுகிறாள். பதிலுக்கு நிறுவனம் இலவசப் பொருளுக்கான கூப்பன் அனுப்புகிறது. அங்கிருந்து மோசடி முளைக்கிறது. மெக்சிகோவின் சிவாவா நகரில் கூப்பன் அச்சாகும் ஆலையிலிருந்து இலவசக் கூப்பன்களைக் கடத்தி, தோழி ஜோஜோவுடன் சேர்ந்து பாதி விலைக்கு விற்கத் தொடங்குகிறாள். படம் இங்கே தன் நாயகியின் அறிவைக் கைவிடுகிறது என்பது என் வாசிப்பு. இலவசக் கூப்பனுக்கு விதி படிக்கத் தேவையில்லை; அடுக்கவோ இரட்டிக்கவோ காத்திருக்கவோ தேவையில்லை. யார் நீட்டினாலும் செல்லும். இத்தனை ஆண்டு அவள் சேர்த்த திறமை, குற்றத்தில் இறங்கிய மறுகணம் கதைக்கு வேண்டாததாகிவிடுகிறது. திருடினால்தான் பணம் வரும், நன்றாகப் படித்தால் வராது என்பது உண்மையாகவே இருக்கலாம். அதைக் கசப்போடு சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் படம் துப்பாக்கியும் விமானமும் வாங்கிச் சிரிக்கிறது. ஜோஜோ கறுப்பினப் பெண். கற்றை கற்றையாகக் கூப்பன் நீட்டும் ஒரு கறுப்பினப் பெண்ணைக் கல்லாவில் இருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்ற கேள்வியையும் படம் கேட்கவில்லை.

ஆக, பித்துப்பிடித்தவள், இல்லையென்றால் திருடி. உழைப்பவளாக அவளைப் பார்த்தவர்கள் முன்பே இருந்தார்கள். பாட்யா வைன்பாம், ஏமி பிரிட்ஜஸ் இருவரும் 1976-இல் ‘மந்த்லி ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரை, நுகர்வு என்று நாம் சொல்வதே பெண்களுக்கு ஒரு வேலை என்று வாதிட்டது. முதலாளியின் சந்தையில் விற்பதற்கும் வீட்டின் தேவைக்கும் நடுவே நின்று இரண்டையும் பொருத்துவது அவள் வேலை. 1993-இல் வந்த தன் நூலில் நோனா கிளேசர், கடை ஊழியர் செய்துவந்த வேலை எப்படிச் சம்பளமில்லாமல் வாங்குபவளின் தலையில் மாற்றப்பட்டது என்று காட்டினார். 1916-இல் மெம்ஃபிஸில் பிக்லி விக்லி கடை, சாமானை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளட்டும் என்று கூடையைக் கையில் கொடுத்ததிலிருந்து வளர்ந்த கதை இது. கூப்பன் அந்த மாற்றத்தின் எழுத்தர் பிரிவு.

இப்படிச் சொன்னால், சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடத் தோன்றும். எனக்கும் அந்தச் சபலம் உண்டு. ஆனால் 1996-இல் நடந்ததை வைத்துக்கொண்டு அப்படி முடிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ, ராச்சஸ்டர், சிரக்கியூஸ் பகுதிகளில் கூப்பனையே நிறுத்திப் பார்த்தது. அச்சாகும் கூப்பன்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டுதான் கல்லாவுக்கு வருகிறது, மிச்சமெல்லாம் வீண், அந்தச் செலவை விலைக் குறைப்பாக எல்லோருக்கும் தருகிறோம் என்றது. கணக்காகப் பார்த்தால் நியாயம். யாரும் கத்தரிக்க வேண்டாம், காத்திருக்க வேண்டாம். ஆனால் மக்கள் கொதித்தார்கள். கையெழுத்து இயக்கம், புறக்கணிப்பு, பொது விசாரணை. 1997-இல் நிறுவனம் சோதனையைப் பாதியில் கைவிட்டது. மற்ற நிறுவனங்களோடு பேசிவைத்துக் கூப்பனை நிறுத்தியதா என்று மாநில அட்டர்னி ஜெனரல் விசாரித்தார். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, நிறுவனங்கள் 42 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டன. அதையும் கூப்பனாகவே கொடுத்தார்கள்.

அந்தக் கோபத்தைச் சந்தையியல்காரர்கள் பகுத்தறிவுக்கு ஒவ்வாத பழக்கம் என்று படித்தார்கள். 2012-இல் ஜேசிபென்னி துணிக்கடைகள் கூப்பனை எடுத்துவிட்டு எப்போதும் ஒரே விலை என்று அறிவித்து, அந்த ஆண்டின் விற்பனையில் கால் பங்கை இழந்தபோதும் அதே விளக்கம்தான் வந்தது: மக்களுக்குத் தள்ளுபடி என்ற மயக்கம் வேண்டியிருக்கிறதாம். எனக்கு வேறாகப் படுகிறது. பொதுவாக விலை குறைந்தால் அது கடையின் தயவு; வீட்டில் யாரும் அவளால் வந்தது என்று சொல்ல மாட்டார்கள். கூப்பனால் மிச்சமானது பில்லின் அடியில் தனி வரியாக அச்சாகி வருகிறது: இன்று நீங்கள் சேமித்தது இவ்வளவு. வீட்டு வேலையில் எழுத்தாகக் கிடைக்கும் ரசீது வேறெங்கே இருக்கிறது? சமைத்ததற்கு, துவைத்ததற்கு, விழித்திருந்ததற்கு யார் தொகை போட்டுக் கொடுத்தார்கள்? பஃபலோவில் கையெழுத்துப் போட்டவர்கள் அந்த ஒரு வரியைக் கேட்டுப் போராடினார்கள் என்றே நான் வாசிக்கிறேன். அந்த வரிக்கு அவள் கொடுக்கும் விலை அதிகம் என்பதும் உண்மை.

ஏனென்றால் கூப்பன் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. விலை பார்த்து வாங்குபவர்களையும் பார்க்காதவர்களையும் பிரித்து, ஒரே பொருளை இரண்டு விலைக்கு விற்கும் கருவி கூப்பன் என்று 1984-இல் சக்ரவர்த்தி நரசிம்மன் எழுதிய கட்டுரை சந்தையியலில் இன்றும் பேசப்படுகிறது. நேரம் இருப்பவளுக்குக் குறைந்த விலை, இல்லாதவளுக்கு முழு விலை. கூப்பன் சேர்க்கக் கார் வேண்டும், சாமானை இறக்கிவைக்க இடம் வேண்டும், இணையக் கூப்பனுக்கு அச்சுப்பொறியும் மையும் வேண்டும், ஓய்வான சில மணி நேரம் வேண்டும். இரண்டு இடத்தில் வேலை பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் பால் வாங்க வரும் தனித்தாய் முழு விலை கொடுக்கிறாள். அவளிடம் இருக்கும் அரசின் உணவு உதவி அட்டைக்குச் சோப்பும் மாதவிடாய் அணையாடையும் குழந்தையின் டயப்பரும் கிடையாது. கூப்பன்கள் நிறைய வருவதோ அந்தச் சாமான்களுக்குத்தான். கீரைக்கும் வெங்காயத்துக்கும் கூப்பன் அபூர்வம்.

கல்லாவில் கொடுத்த பின்பும் கூப்பனின் பயணம் முடிவதில்லை. கடைக்காரருக்குத் தயாரிப்பாளர் கூப்பனின் மதிப்போடு, கையாண்ட கூலியாகப் பொதுவாக 8 சென்ட் சேர்த்துத் தருகிறார். அதற்கு முன் யாராவது அந்தத் தாள்களைத் தரம் பிரித்து எண்ண வேண்டும். பல பத்தாண்டுகளாக மூட்டை மூட்டையாக அவை போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று மெக்சிகோ எல்லையின் சியுடாட் ஹுவாரெஸ். பெண்களின் மலிவான கூலியை நம்பி எழுந்த எல்லை ஆலைகளின் நகரம் அது. அமெரிக்கச் சமையலறை மேசையில் ஒருத்தி வகைபிரித்து அடுக்கியதை எல்லைக்கு அப்பால் இன்னொருத்தி மறுபடி வகைபிரிக்கிறாள். ‘குவீன்பின்ஸ்’ எல்லை தாண்டி ஓர் ஆலைவரை போனது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தில் கேமரா தங்கவில்லை.

இப்போது அந்தத் தாளும் மறைந்துவருகிறது. தள்ளுபடி கடையின் செயலிக்குள் போய்விட்டது. ஸ்மார்ட்போன் இல்லாத முதியவர்கள் அலமாரியில் எழுதியிருக்கும் குறைந்த விலையைப் பார்த்து எடுத்துவந்து, கல்லாவில் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். எண்வழித் தள்ளுபடியைத் தாளிலும் தர வேண்டும் என்று 2025-இல் சான் டியேகோ நகர மன்றம் விதி போட்டது. அது ஒரு பக்கம். என் மாணவி சொன்ன இழப்பு வேறு. முன்பெல்லாம் தனக்கு வேண்டாத கூப்பன்களை ஓர் உறையில் போட்டு, பக்கத்து அடுக்ககத்துப் பெண்களோடு மாற்றிக்கொள்வாளாம்: நாய்த்தீவனத்தைக் கொடுத்து டயப்பர், டயப்பரைக் கொடுத்து எண்ணெய். விதியில் புரியாத இடத்தை நாலு பேராக உட்கார்ந்து படிப்பார்களாம். செயலியில் வரும் சலுகை அவரவர் கணக்கோடு கட்டிப்போடப்பட்டது. முன்பு என்ன வாங்கினாள் என்பதை வைத்து அவளுக்கென்று வருவது. எடுத்து இன்னொருத்தி கையில் கொடுக்க முடியாதது. “ஆளுக்கொரு பாடம் மேடம். எதை வெச்சு ஒப்பிட?” என்று கேட்டாள்.