‘அஸாஸின்’ சுமக்கும் பழி

அரசியற் பகையால் ஒருவரை மறைந்திருந்து கொல்பவனை ஆங்கிலத்தில் ‘அஸாஸின்’ என்பர். அச்சொல்லின் பிறப்பை அகராதிகளில் தேடுவோர், ‘ஹஷீஷ் உண்போர்’ எனப் பொருள்படும் அறபுச் சொல்லின் திரிபு என்னும் விளக்கத்தைக் காண்பர். சொல் அறபு வழி வந்தது உண்மையே. ஆனால் அதனோடு ஒட்டி வந்த கதை வரலாறுதானா?

பாரசீகத்தின் அலமூத் கோட்டையை 1090இல் கைப்பற்றியவர் நிஸாரி இஸ்மாயீலிகளின் தலைவர் ஹஸன் பின் ஸப்பாஹ். அக்கூட்டத்தினர் எதிரிகளை மறைந்து கொன்றனர் என்பது வரலாறு. அவர்தம் தலைவர் இளைஞருக்கு மயக்க மருந்தூட்டி, நந்தவனத்தில் கண்விழிக்கச் செய்து, அதுவே சுவனம் என நம்ப வைத்துக் கொலைக்கு ஏவினார் என்பது மார்க்கோ போலோ சொன்ன கதை. அவர் கீழ்த்திசைக்குப் புறப்பட்டது 1271இல். அலமூத் மங்கோலியரிடம் வீழ்ந்ததோ 1256இல். எனவே, அவர் கண்டதை எழுதினாரல்லர், கேட்டதை எழுதினார். அவர் சொன்ன மருந்துக்கு ஹஷீஷ் என்ற பெயருமில்லை. 1809இல் பிரெஞ்சு அறிஞர் சில்வெஸ்தர் தெ சாசி சொல்லின் மூலத்தைக் கண்டறிந்தபோது, அம்மருந்து ஹஷீஷே எனக் கொண்டார். கதைக்கு அறிஞரின் முத்திரை கிடைத்துவிட்டது.

ஹுலாகூவுடன் அலமூத்துக்குச் சென்று, அதன் நூலகத்தையும் ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் ஜுவைனி. இஸ்மாயீலிகளின் கடும் பகைவர். அவரே இந்த ஹஷீஷ் கதையைச் சொல்லவில்லை என்பது நோக்கத்தக்கது. பகைவனும் சுமத்தாத பழியை அகராதி சுமத்தலாமா?

‘ஹஷீஷி’ என்பது அன்று இழிந்தோரைக் குறித்த வசைச்சொல் என்றும், அதனை நேர்ப்பொருளில் கொண்டதால் விளைந்ததே இக்கற்பனை என்றும் ஃபர்ஹாத் தஃப்தரி 1994இல் வெளியிட்ட தமது நூலில் நிறுவியுள்ளார். நாம் அவர் பக்கமே நிற்கின்றோம்.

இதனால் கொலைகளை நாம் நியாயப்படுத்துகின்றோம் என எவரும் கருதற்க. கொலை கொலையே. ஆயினும், ‘போதையிற் செய்தார்கள்’ என்று சொல்லிவிட்டால், ஒரு சிறு கூட்டம் ஏன் அவ்வழியில் இறங்கிற்று என்னும் கேள்வி அங்கேயே புதைந்துவிடுகின்றது.

பழி முழுவதையும் ஐரோப்பியர் மீதே போட்டுவிட்டு நாம் தப்பவும் இயலாது. கதை புனைந்தோர் அவர்களாயினும், வசை பிறந்தது முஸ்லிமை முஸ்லிம் இகழ்ந்த வாயில். உட்பகையில் உதிர்ந்த ஒரு சொல், கடல் கடந்து, அயலார் அகராதியில் நிலைபெற்றுவிட்டது. அகராதியைத் திருத்தக் கேட்கும் நாம், நமது நாவையும் காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.